சனிக்கிழமை எண்ணெய்

தென்காசி ஸ்டாண்டில் நின்ற மோட்டார்களுக்கு ஒரு காலத்தில் சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்தார்கள். இயந்திரத்துக்குள் விடுகிற கறுப்பு எண்ணெய் அல்ல, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய். பானெட்டைத் திறந்து, இயந்திரத்தில் பொறி தட்டும் பிளக்குகளுக்குப் போகிற நான்கு ரப்பர் வயர்களையும் ஒவ்வொன்றாக உருவி உருவித் தேய்ப்பார்கள். வெளியூர் டிரைவர்கள் பார்த்துச் சிரித்தால், ஆடியில் வந்து குற்றாலத்துச் சாரலில் ஓட்டிப் பார் என்று பதில் கிடைக்கும். இந்த வழக்கத்தை உண்டாக்கியவன் மேலகரம் நல்லக்கண்ணு.

அவன் வீட்டில் ஆண்பிள்ளைகள் வளர்ந்தால் போலீசுக்குப் போவார்கள். அப்பன் போனான், இரண்டு அண்ணன்மார் போனார்கள். நல்லக்கண்ணுவும் பாளையங்கோட்டைக்குப் போனான். சட்டையைக் கழற்றச் சொல்லி மார்பில் நாடாவைச் சுற்றினார்கள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றும் அரை அங்குலம் குறைந்தது. அவன் ஊர் வந்து சேர்வதற்குள் செய்தி வந்து உட்கார்ந்திருந்தது. அன்று முதல் அவன் பெயர் அரையங்குலம். கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவன், "ஏலே, நம்ம அரையங்குலத்துக்கு ஒரு இலை போடு, பாதி இலை போதும்" என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சொந்த அண்ணன் சிரித்ததைத்தான் நல்லக்கண்ணு கடைசிவரை மறக்கவில்லை.

கொல்லத்துக்குப் போகும் லாரி ஒன்றில் கிளீனராக ஏறினான். ஆரியங்காவு மலைப்பாதையில் நான்கு வருஷம் புழுதி தின்று தொழில் பழகினான். பிறகு மேலகரம் முத்துக்குமாரசாமி பிள்ளை பிளஷர் கார் வாங்கியபோது அதற்கு டிரைவரானான். பிள்ளைக்கு வயலும் தென்னந்தோப்பும் இருந்தன. ஆனி பிறந்தால் சொந்தக்காரர்கள் நாலா திசையிலிருந்தும் சீசனுக்கு வந்து இறங்குவார்கள். அவர்களை அருவிக்கு அருவி கொண்டுபோவதுதான் காரின் முக்கிய வேலை.

இருபத்தொன்பதாம் வருஷத்து ஆடியில் அது நடந்தது. ஐந்தருவிக்குப் போகும் வழியில், மேட்டு வளைவில், சாரல் பிடித்துக்கொண்டு கார் நின்றுவிட்டது. உள்ளே பிள்ளையின் மனைவி கல்யாணசுந்தரி அம்மாளும் நான்கு விருந்தாளிகளும். இயந்திரத்தைக் கிளப்பும் ஹாண்டிலைச் சுற்றிச் சுற்றி நல்லக்கண்ணுவின் தோள் கழன்றது. பானெட்டைத் திறந்தான். வயர்களில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. துடைக்கக் கையில் காய்ந்த துணி என்று ஒன்றுமில்லை. அம்மாள் குளிப்பதற்காகக் கொண்டுவந்த எண்ணெய்க் கிண்ணமும், அதில் போட்டு வைத்திருந்த துணியும்தான் இருந்தன. எண்ணெய் தேய்த்த உடம்பில் தண்ணீர் ஒட்டாது என்பது குற்றாலத்தில் குழந்தைக்கும் தெரியும். அந்த எண்ணெய்த் துணியால் நான்கு வயரையும் அழுத்தித் துடைத்தான். இரண்டாவது சுற்றில் கார் உறுமியது.

அம்மாள் அதைச் சொல்லாத வீடில்லை. அடுத்த மழைக்கு இன்னொரு காரும் நின்றது. நல்லக்கண்ணுவைக் கூப்பிட்டார்கள், எண்ணெய்த் துணியோடு போனான், ஓடியது. பிறகு ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லாரும் செய்ய ஆரம்பித்தார்கள். அவனை அண்ணாச்சி என்றார்கள், மோட்டார் வைத்தியர் என்றார்கள். அரையங்குலம் என்ற பெயர் எப்போது போயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை. ஒருநாள் யோசித்துப் பார்த்தபோது, அதை யாரும் சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை என்று நாள் குறித்தவன் தளவாய். நல்லக்கண்ணுவின் தங்கை வடிவம்மாளைக் கட்டியவன், வடகரைக்காரன். நல்லக்கண்ணுவே தொழில் பழக்கி, பிள்ளை தன் மருமகனுக்கு வாங்கிய சின்னக் காரில் டிரைவராக்கிவிட்டிருந்தான். ஆம்பளைகள் எண்ணெய் தேய்ப்பது புதனும் சனியும், பொம்பளைகள் செவ்வாயும் வெள்ளியும். அப்படியானால் மோட்டாருக்கு எந்த நாள் என்று ஸ்டாண்டில் ஒருநாள் பேச்சு வந்தது. மோட்டார் பொம்பளைதான், இல்லாவிட்டால் இப்படி நினைத்த இடத்தில் முரண்டு பிடித்து நிற்குமா என்றான் ஒருவன். தளவாய் அதை ஒப்பவில்லை.

"பொம்பளைன்னா இத்தன பேர ஏத்திக்கிட்டு வாயத் தொறக்காம வருமாலே? ஆம்பளைதான். சனிக்கிழம வைங்க" என்றான்.

அதுவே சட்டமாயிற்று.

முப்பத்தாறில் பிள்ளை ஒரு பஸ் வாங்கத் தீர்மானித்தார். தென்காசியிலிருந்து குற்றாலம் வழியாகச் செங்கோட்டை. பஸ் டிரைவருக்குக் காக்கிக் கோட்டு உண்டு. கோட்டின் மார்பில் நம்பர் போட்ட பித்தளை வில்லை உண்டு. நல்லக்கண்ணு அந்த வில்லையைச் செங்கோட்டையில் வேறொரு டிரைவர் மார்பில் பார்த்திருந்தான். அதை மாட்டிக்கொண்டு அண்ணன்மார் வீட்டு வாசலில் போய் ஒரு தடவை நிற்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால் பிள்ளை வாக்குக் கொடுக்கவில்லை. நல்லக்கண்ணுவுக்கு நாற்பது தாண்டிவிட்டது, தளவாய் இளவட்டம், பஸ்ஸைத் திருப்பக் கை பலம் வேண்டும் என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னதாகக் காதில் விழுந்தது. இருவரையும் வைத்துக்கொண்டு, சீசன் போகட்டும், யார் வண்டி சாரலில் நிற்காமல் ஓடுகிறது பார்ப்போம் என்றார். விளையாட்டாகச் சொன்னமாதிரிதான் இருந்தது. விளையாட்டாகச் சொன்னதை எல்லாம் நடத்திவிடுகிறவர் அவர்.

ஆனி முதல் வாரம் நல்லக்கண்ணு, தென்காசி ரத வீதி முனையில் இருந்த பரீதின் கடைக்குப் பிளக்கும் வயரும் வாங்கப் போனான். பரீது ரங்கூனில் மோட்டார்ப் பட்டறையில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். பிளக்குகளைக் காகிதத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார். நல்லக்கண்ணு ஒவ்வொன்றாக எடுத்து, பீங்கானை நகத்தால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டான். கீறல் இருந்தால் ஒலி செத்துக் கேட்கும். பிறகு கவிழ்த்து முனையைப் பார்த்தான். அருவி மேட்டில் வண்டி மெதுவாக ஊர்ந்து ஏறும். குளிரிலும் ஈரத்திலும் முனையில் கரி படியும். பீங்கான் மூக்கு நீளமாக உள்ள பிளக்கானால், அது தன் சூட்டிலேயே கரியைச் சுட்டுத் தள்ளிவிடும். நீள மூக்காக நான்கைப் பொறுக்கினான். பரீது தலையை ஆட்டினார்.

"பிளக் பாக்கத் தெரியுது வே உமக்கு. வயர்லதான் கோட்ட விடுதீரு."

நல்லக்கண்ணு மாதிரிக்குக் கொண்டுவந்திருந்த பழைய வயரை அவர் எடுத்து நடுவில் வெட்டினார். இரண்டு விரலால் பிதுக்கினார். ரப்பர் ஊதிப்போய், கம்பியை விட்டு வழுக்கி, விரலில் ஒட்டியது.

"ரப்பரா இது? முருங்கைப் பிசின்."

"வெக்கையில அப்பிடி ஆகும் பாய்."

"வெக்கையில வெடிக்கும், ஊதாது. இது எண்ணெய் குடிச்சு ஊதுனது. ரங்கூன்ல எண்ணெய்க் கையோட வயரத் தொட்டாலே மேஸ்திரி வைவான்."

"ஏழு வருசமா ஓடுதே."

"வருசா வருசம் புது வயர் மாத்துதீரு, ஓடுது. அன்னைக்கு ஈரத்தத் தொடச்சது எது? துணி. காஞ்ச துணியா இருந்தாலும் ஓடியிருக்கும். நீரு எண்ணெய்க்கு மாலை போட்டுட்டீரு."

நல்லக்கண்ணு வெட்டிய துண்டை வாங்கித் தானும் பிதுக்கிப் பார்த்தான். கையில் ஒட்டிய ரப்பரை வேட்டியில் துடைத்தான். பிசுக்கு போகவில்லை. பரீது உள்ளேயிருந்து வேறு வயர் கொண்டுவந்தார். ரப்பருக்கு மேல் நூல் பின்னி வார்னிஷ் பூசியது. தண்ணீரை உதறிவிடும், எண்ணெய்ப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. இரண்டு செட்தான் வந்திருப்பதாகச் சொன்னார். முந்தின நாள் தளவாய் வந்தானாம். நிக்கல் பூச்சு மினுங்குகிற பிளக்காகப் பார்த்து எடுத்துக்கொண்டு, சாதா ரப்பர் வயர் வாங்கிப் போனானாம். மச்சான் எண்ணெய் இருக்கும்போது வார்னிஷ் எதற்கு என்றானாம்.

"நான் சொன்னா யாவாரத்துக்குச் சொல்லுதேன்னு நெனைப்பான். நீரு சொன்னா கேப்பான். இந்த இன்னொரு செட்ட அவனுக்கு எடுத்து வைக்கட்டா?"

"வையும்" என்றான் நல்லக்கண்ணு. "சொல்லுதேன்."

சொல்லவேண்டும் என்றுதான் மேலகரம்வரை நினைத்துக்கொண்டு வந்தான். தளவாயிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் அது ஸ்டாண்டுக்கே சொன்ன மாதிரி. ஏழு வருஷமாக எல்லார் வயரையும் கெடுத்தவன் நல்லக்கண்ணு என்று ஆகும். அப்புறம் பழைய பெயர் வரும். பிள்ளை வீட்டுக் கார் ஷெட்டுக்குள் நின்று புது வயர்களை மாட்டியபோது, அவை சுத்தமாக, இறுக்கமாக, கறுத்த பாம்புக் குட்டிகள்போல மினுங்கின. அடுத்த சனிக்கிழமை எல்லாரும் பார்க்கப் பானெட்டைத் திறந்து, வெறுங்கையை எண்ணெயில் தொட்டுத் தொட்டு எடுத்து, தேய்க்கிறமாதிரி காட்டிவிட்டு மூடினான்.

தங்கை வீட்டுக்கும் ஒருநாள் போனான். வடிவம்மாள் குளத்து மீன் குழம்பு வைத்துப் போட்டாள். தளவாய், பஸ் யாருக்கு வந்தாலும் வீட்டுக்குள்ளேதானே என்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். நல்லக்கண்ணு வயர் பேச்சை எடுக்க வாயைத் திறந்தான்.

"இந்தப் புது வயருக்கு..." என்றான்.

"ரெண்டு கை எண்ணெய் கூட வச்சிருக்கேன் மச்சான்" என்றான் தளவாய்.

வடிவம்மாள், "நீ சொன்னா வேதம்தான் அண்ணே இவுகளுக்கு" என்றாள்.

நல்லக்கண்ணு மீன்முள்ளை ஒதுக்கி வைத்துவிட்டு, குழம்பு நன்றாக இருக்கிறது என்றான்.

ஆடி பத்துத் தேதிக்குமேல் சாரல் வலுத்தது. பிள்ளையின் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். இரண்டு காரும் ஐந்தருவிக்குப் போயின. நல்லக்கண்ணுவின் கார் முன்னால் ஏறிப் போய்விட்டது. தளவாயின் கார் அதே மேட்டு வளைவில் நின்றது. அவன் எண்ணெய் வைத்தான். ஹாண்டில் போட்டான். மறுபடி எண்ணெய் வைத்தான். ஊதிய ரப்பரை விரல் தொட்ட இடத்திலெல்லாம் அது கம்பியை விட்டு விலகி, பொறி இயந்திர உடம்பில் பாய்ந்தது. மின்சாரம் அடித்து அவன் கை உதறி உதறி விழுந்தது. அரைமணி நேரம் கழித்து நல்லக்கண்ணு திரும்பி வந்தபோது, சம்பந்தி அம்மாள் நனைந்த பட்டுச் சேலையோடு சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். தளவாய் மழையில் நின்றுகொண்டு வயர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வடகரையில ஒரு சாவு, துட்டிக்குப் போனேம்லா மச்சான். துட்டியில எண்ணெய் தொடக் கூடாதுன்னு போன சனிக்கிழம விட்டுப்போச்சு. அதான் இப்பிடி ஆயிட்டோ?"

நல்லக்கண்ணுவின் கார் பக்கத்தில் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"இருக்கும்" என்றான்.

பிள்ளை கத்தவில்லை. சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். தளவாய் வடகரைக்குப் போய்த் தேங்காய் உரித்தான். வடிவம்மாள் முதன்முதலாக அடுத்தவர் வயலில் நடவுக்கு இறங்கினாள். ஐப்பசியில் பஸ் வந்தது. நல்லக்கண்ணு காக்கிக் கோட்டில் பித்தளை வில்லையைக் குத்திக்கொண்டு பெரிய அண்ணன் வீட்டுக்குப் போனான். அண்ணன் அதைக் கையால் தூக்கிப் பார்த்து, நம்பரைப் படித்துவிட்டு, கனமாகத்தான் இருக்கிறது என்று சொன்னான். 

தளவாயைக் கிளீனராக வைத்துக்கொள்ளும்படி பிள்ளையிடம் கேட்டவன் நல்லக்கண்ணுதான். இரண்டு தடவை கேட்டான். பிள்ளை சம்மதித்தபோது ஒரு நிபந்தனை போட்டார். இவ்வளவு பெரிய வண்டி, சாரலில் நின்றால் மானம் போய்விடும், சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் வைக்க வேண்டும், எண்ணெய் வீட்டிலிருந்து வரும் என்றார். அந்த வேலையைத் தளவாய்க்கே கொடுத்தார். ஒரு தடவை தவறவிட்டவனுக்குத்தான் அதன் அருமை தெரியும் என்றார்.

தளவாய்க்கு அது தெரிந்திருந்தது. சனிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து, பானெட்டைத் திறந்து, ஒவ்வொரு ரப்பர் வயரையும் அடியிலிருந்து நுனிவரை உருவுவான். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொண்டுவர வாய்க்காலுக்குப் போவான். போய்வரக் கால்மணி ஆகும். அந்தக் கால்மணியில் நல்லக்கண்ணு சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த துணியை எடுத்து, எண்ணெய் முழுவதையும் துடைத்துவிடுவான். சீயக்காய்ப் பொடி தொட்டு ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை. தளவாய் குடத்தோடு திரும்பும்போது பானெட் மூடியிருக்கும். பஸ் நிற்கவில்லை. ஒருவன் தேய்க்க, ஒருவன் துடைக்க, இரண்டு சீசன் போயிற்று. அந்த நாட்களில் நல்லக்கண்ணு கிளீனரிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை என்பார்கள்.

முப்பத்தொன்பது பங்குனியில் பஸ்ஸுக்குப் பிளக் வாங்கிவரத் தளவாயைப் பரீதின் கடைக்கு அனுப்பினான். அவனாகத்தான் அனுப்பினான். காய்ச்சலாகக் கிடந்தான், வேறு ஆள் இல்லை.

பரீது பேச்சுவாக்கில்தான் கேட்டார். அந்த வருஷம் உனக்கென்று ஒரு செட் வயர் எடுத்து வைத்துக் கார்த்திகைவரை காத்திருந்தேனே, ஏன் வரவில்லை, மச்சான் சொல்லவில்லையா என்றார். தளவாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். வெட்டின வயரைப் பற்றி, முருங்கைப் பிசினைப் பற்றி, துணியைப் பற்றி. பிளக் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, மறந்திருப்பார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான்.

அடுத்த சனிக்கிழமை அவன் தண்ணீரை முதலிலேயே கொண்டுவந்துவிட்டான். ரேடியேட்டரை நிரப்பினான். பிறகு எண்ணெய் வைத்தான், வழக்கத்தைவிட நிதானமாக. முடித்துவிட்டுச் சீட்டுக்கு அடியில் கைவிட்டு, வண்டி கூட்டும்போதெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு கண்ட அந்தத் துணியை எடுத்தான். அதை ஏற்கெனவே துவைத்துக் காயப்போட்டு மடித்து வைத்திருந்தான் என்பது அப்போதுதான் நல்லக்கண்ணுவுக்குத் தெரிந்தது. துணியை டிரைவர் சீட்டின்மேல் வைத்துவிட்டு, தளவாய் படிக்கட்டில் உட்கார்ந்தான்.

"தொடைக்கணும்னா தொடை மச்சான்" என்றான். "நான் இங்கனதான் இருக்கேன்."

பஸ்ஸில் இரண்டு பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். நல்லக்கண்ணு துணியைப் பார்த்தான். அதை எடுத்துத் துடைத்தால் போதும். இரண்டு வருஷத்தையும், அதற்கு முந்தின ஆடியையும், தங்கை சேற்றில் இறங்கியதையும் வாயால் சொல்லவேண்டியதில்லை. அவன் துணியைத் தள்ளி வைத்துவிட்டுச் சீட்டில் உட்கார்ந்தான்.

"ஹாண்டில் போடு மாப்ளே. நேரமாச்சு" என்றான்.

அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் துவைத்த துணி சீட்டின்மேல் இருந்தது. தளவாய் படிக்கட்டில் இருந்தான். நல்லக்கண்ணு துணியை நகர்த்திவிட்டு உட்கார்ந்தான். சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. வயர்கள் ஊதுவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஆடிக்கு முன் மாற்றிவிட வேண்டும் என்று இரண்டு தடவை பரீதின் கடைக்குக் கிளம்பினான். ரத வீதி முனைவரை போய், கடை வாசலில் பரீது நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

ஆடி அமாவாசையன்று குற்றாலத்துக்குப் போகிற கூட்டத்தை ஏற்றிக்கொண்டு பஸ் புறப்பட்டது. மேலகரம் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. பஸ் இரண்டு தடவை இருமிவிட்டு நடுச்சாலையில் நின்றது. தளவாய் இறங்கிப் பானெட்டைத் தூக்கினான். ஜனங்கள் தலையில் சாக்குக் கொங்காணியைப் போட்டுக்கொண்டு சுற்றி நின்றார்கள். நல்லக்கண்ணு இறங்கி வந்தான். வில்லையில் நீர் வழிந்தது.

தளவாய் ஒரு கையில் துணியும், ஒரு கையில் எண்ணெய்க் கிண்ணமும் வைத்திருந்தான். மரியாதையாகத்தான் கேட்டான்.

"எத மச்சான்?"

எல்லாரும் நல்லக்கண்ணுவைப் பார்த்தார்கள். எண்ணெய் வைத்தியத்தை இன்று கண்ணாலேயே பார்க்கப்போகிறோம் என்று ஒரு கிழவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

"எண்ணெய்" என்றான் நல்லக்கண்ணு.

தளவாய் கிண்ணம் முழுவதையும் ஊற்றினான். ஹாண்டிலை நல்லக்கண்ணுவே போட்டான். ஒருமணி நேரம் போட்டான். ஜனங்கள் அமாவாசைக் குளியலுக்கு நேரம் போகிறதென்று மழையில் நடக்க ஆரம்பித்தார்கள். போகிறபோது யாரோ பழைய ஆள், "அரையங்குலந்தானலே இவன்?" என்று கேட்டது காதில் விழுந்தது. கேட்டவன் யாரென்று நல்லக்கண்ணு நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிள்ளை அவனைத் தென்னந்தோப்புக்குக் காவலுக்குப் போட்டார். வில்லையைத் தளவாய் மாட்டிக்கொண்டான். முதல் நாளே பரீதின் கடைக்குப் போய் வார்னிஷ் வயர் வாங்கி மாட்டினான். சனிக்கிழமைகளில் எண்ணெய் தேய்க்கிறமாதிரி காட்டுவதோடு சரி. அதற்குமேல் எந்தச் சாரலிலும் அந்த பஸ் நிற்கவில்லை. அதிசயப்பட்டு மற்ற டிரைவர்கள் என்ன ரகசியம் என்று கேட்பார்கள். சனிக்கிழமைகளில் நல்லக்கண்ணு தோப்பிலிருந்து சாமான் வாங்கத் தென்காசிக்கு வந்து, ஸ்டாண்டு ஓரம் உட்கார்ந்திருப்பது வழக்கம். தளவாய் அவன் பக்கம் கையைக் காட்டுவான்.

"ரகசியம் என்ன இருக்கு? எங்க மச்சான் கண்டுபிடிச்ச எண்ணெய்தான். அங்கன இருக்காரு, கேட்டுக்கிடுங்க."

அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நல்லக்கண்ணு ஆமாம் என்று தலையை ஆட்டுவான். பிறகு அவர்கள் தங்கள் வண்டிகளின் பானெட்டைத் திறந்து, கிண்ணத்தில் விரலைத் தொட்டு, முதல் வயரை எடுப்பார்கள்.